ஜெரோஷின் முகவரி

புதிதாக மாட்டிய நெட்வொர்க் ஸ்விட்சின் கடைசி போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரியக்கூடாது. அது தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்புக்குப் போகும் கேபிளுக்கான இடம். கேபிளின் மறுமுனை, போன வருஷத் தீயில் கருகிப்போன அந்தக் கட்டடத்தின் வாசலில் எதிலும் செருகப்படாமல் சுருண்டு கிடக்கிறது என்று நேற்றுதான் கான்ட்ராக்டரின் ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ரெனிட்டா கேபிளைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி செருகினாள். விளக்கு அணைந்தது. கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு மறுபடி எரிந்தது. புதுச் சாமான்தான் முதலில் மக்கர் பண்ணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று வியாழக்கிழமை. ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு என்றால் சிஞ்ச்வட் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வியாழன். மின்வாரியம் அன்றைக்குத்தான் லைனை நிறுத்தும். அதனால் நெட்வொர்க்கில் கை வைக்கிற வேலையெல்லாம் வியாழன் தலையில் விழும், வியாழன் வேலையெல்லாம் ரெனிட்டா தலையில் விழும். கார் கதவுகளுக்குக் கைப்பிடி செய்கிற அந்தத் தொழிற்சாலையில் இப்போது மெஷின் ஷாப் இருட்டு, ஸ்டோர்ஸ் இருட்டு, கேன்டீன் இருட்டு. அங்கங்கே இருக்கும் சின்ன ஸ்விட்சுகளெல்லாம் செத்துக் கிடந்தன. ஆபீஸ் முதல் மாடியில் இந்தச் சர்வர் அறைக்கும், பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய கேபினுக்கும் மட்டும்தான் ஜெனரேட்டர் இணைப்பு. வெளியே மழை. இரண்டு நாளாக விடாமல் கொட்டி, மத்தியான வேளையிலேயே பொழுது சாய்ந்ததுபோல் ஆக்கி வைத்திருந்தது.

மழையால் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். மாமியார் ஃப்ளோராவுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் ஜெனிஷாவைக் கூட்டிக்கொண்டுதான் கேம்ப் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து புறப்பட்டு லோக்கல் ரயிலில் வந்திருந்தாள். கிளம்பும்போதே ஃப்ளோரா கட்டிலில் படுத்தபடி முணுமுணுத்தாள். "பிள்ளைய அங்க ஏன் ஏட்டி கொண்டு போற? அது எம் மவன் போன எடம்லா." சம்பளம் வருவதும் அதே இடத்திலிருந்துதான் என்று காய்ச்சல்காரியிடம் எப்படிச் சொல்வது? கேட்டில், எல்லாரும் காக்கா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் மராத்தி வாட்ச்மேன் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "குருவாரலா பண காம், மேடம்?" என்று கேட்டார். ஆமாம், வியாழக்கிழமையும் வேலைதான். வியாழக்கிழமைதான் வேலை.

இப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெனிஷா கம்ப்யூட்டரில் ஏதோ கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். பந்து இடிக்கும் சத்தம் டொக், டொக் என்று ஒரே சீராகக் கேட்டது. யுகேஜி படிக்கிற அந்தக் குழந்தை ஒன்றுதான் ரெனிட்டாவுக்கு மிச்சம். வேலையை முடித்துவிட்டுக் கடைசி லோக்கலுக்கு முன்னால் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய அன்றைய ஆசை.

அவள் கணவன் ஜெரோஷும் இங்கேதான் வேலை பார்த்தான். பெயின்ட் ஷாப்பில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். தீபாவளிக்கு முந்தின வாரம் பெயின்ட்டில் தின்னர் கலக்கும் அறையில் பற்றிய தீ அவனையும் அவனுடைய சின்னக் கேபினையும் ஒன்றாகக் கொண்டுபோனது. சவப்பெட்டியை ஆணியடித்துத்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கோயிலில் பெட்டியை வைத்து ஜெபம் பண்ணினார்கள், எல்லாரும் பாடினார்கள். நெற்றியில் கடைசியாக ஒரு முத்தம் கொடுப்பதுண்டே, அது மட்டும் இல்லை. ரெனிட்டா மரத்துக்குத்தான் முத்தம் கொடுத்தாள். வார்னிஷ் வாசனை உதட்டில் அப்படியே தங்கிவிட்டது. அந்த ஆற்றாமை இத்தனை மாதம் ஆகியும் கொஞ்சமும் குறையவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே அவள் ஒரு காரியம் செய்தாள்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இரண்டு அடையாளம். ஒன்று நாம் கொடுக்கிற முகவரி. இன்னொன்று, அதற்குள் இருக்கும் கார்டில் செய்கிற இடத்திலேயே பதித்து அனுப்புகிற எண். ஒரு முகவரிக்குச் சேதி வந்தால் ஸ்விட்ச் எல்லாத் திசையிலும் சத்தம் போட்டுக் கேட்கும்: இந்த முகவரி யாருடையது? உரியவன், என்னுடையது, இதோ என் எண் என்று பதில் கொடுப்பான். ஸ்விட்ச் அதைப் பட்டியலில் குறித்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், மறுபடி கேட்கும். பதில் சொல்ல ஆளில்லை என்றால் அந்த முகவரி பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். ஜெரோஷின் முகவரி அப்படிக் காணாமல் போவதை ரெனிட்டாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவன் கம்ப்யூட்டரில் கார்டைப் பொருத்தியவளே அவள்தான், எண் மனப்பாடம். பழைய ஸ்விட்சில் அந்த முகவரியையும் எண்ணையும் கையால் எழுதி நிலையாக்கிவிட்டாள். கையால் எழுதினதை ஸ்விட்ச் மறக்காது. வேறு யாருக்கும் அந்த முகவரி உபயோகப்படாது. அவன் நாற்காலியில் இன்னொருத்தன் வந்து உட்காரக்கூடாது, அவ்வளவுதான்.

மொபைல் அடித்தது. ஐடி மேனேஜர் சேஷு.

"என்னம்மா, எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"முகவரியெல்லாம் போட்டாச்சு சார். ரூட்டிங் ஆன் பண்ணணும், அவ்வளவுதான்."

"பண்ணிடு. அடுத்த மாசம் பெயின்ட் ஷாப்பைத் திறக்கறா, ஆபீஸ்லேர்ந்து அங்க போக்குவரத்து இருந்தாகணும்." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம்மா... அந்தப் பழைய என்ட்ரி ஒண்ணு இருக்கே. இத்தனை நாளா பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இருந்தேன். புதுசுல அது வேண்டாம்மா. புது சூப்பர்வைசருக்கு அந்த அட்ரஸ் வேணும்."

"சரி சார்." கண் மறுபடி அந்தப் பச்சை விளக்கின் மேல் போனது. "சார், பெயின்ட் ஷாப்ல அந்தக் கேபிளை யாராவது எதிலயாவது செருகிட்டாங்களா? இங்க விளக்கு எரியுது."

"அங்க செருகறதுக்கு என்னம்மா இருக்கு? சுவரே கரியாக் கிடக்கு."

போனை வைத்துவிட்டு ரூட்டிங்கைத் திறந்தாள். ஆபீஸ், ஸ்டோர்ஸ், பெயின்ட் ஷாப் என்று மூன்று தெருக்களாகப் பிரிந்து கிடந்த நெட்வொர்க்குக்கு நடுவே இருந்த கதவுகள் அந்த ஒரே கட்டளையில் திறந்துகொண்டன. ஜெரோஷின் வரியையும், பழக்க தோஷத்தால், காலையிலேயே மற்றவற்றோடு சேர்த்து எழுதித் தொலைத்திருந்தாள். அதை அழிக்க வேண்டும். விரல் பட்டனின் மேலேயே நின்றது. அழித்தாள். அழித்த பிறகு அழுகை வந்தது, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள், குழந்தை காதில் விழுந்துவிடக்கூடாதே என்று.

மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு தடவை அந்த முகவரிக்குப் பிங் அனுப்பிப் பார்த்தாள். இருக்கிறாயா என்று கேட்கிற ஒரு சின்னத் தட்டல், அவ்வளவுதான் பிங் என்பது. பதில் வராது, நேரம் கடந்தது என்று திரையில் வரும், அதைப் பார்த்துவிட்டால் மனசுக்கும் உறைத்துவிடும் என்று நினைத்தாள்.

பதில் வந்தது.

உடனே வந்தது, பக்கத்து அறையில் காத்துக்கொண்டிருந்தவன் குரல் கொடுப்பதுபோல. ரெனிட்டாவுக்கு முதலில் எரிச்சல்தான். எந்த மடையன் இந்த முகவரியைத் தன் கம்ப்யூட்டருக்குப் போட்டுக்கொண்டான்? பட்டியலைத் திறந்தாள். முகவரிக்கு நேராக, இந்த நொடிதான் பதில் சொன்னது என்ற குறிப்போடு, கார்டின் எண் இருந்தது. அவள் கையால் பொருத்திய கார்டு. சாம்பலோடு சாம்பலாக உருகிப்போய், தீயை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் குச்சியால் கிளறிக் காட்டிய கார்டு. எந்த போர்ட் வழியாக வந்தது என்று பார்த்தாள். கடைசி போர்ட். பெயின்ட் ஷாப்.

உடம்பில் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது அவளுக்கு. சந்தோஷம். இத்தனை மாதமும் தான் செய்துவைத்திருந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. கையால் எழுதி வைத்துவிட்டதால் ஸ்விட்ச் ஒருநாள்கூட இந்த முகவரி யாருடையது என்று கேட்கவேயில்லை. கேட்டிருந்தால்தானே அவன் பதில் சொல்ல? அவனை யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டது அவளேதான்.

மறுபடி பிங் அனுப்பினாள். பதில் வந்தது. ஏதோ சந்தேகத்தில் போர்ட்டைப் பார்த்தாள். மாறியிருந்தது. இப்போது பதில் வந்தது ஸ்டோர்ஸ் கட்டடத்திலிருந்து.

அப்படி மாறவே முடியாது. அந்த முகவரி பெயின்ட் ஷாப் தெருவைச் சேர்ந்தது, ஸ்டோர்ஸ் தெருவிலிருந்து பேசினால் செல்லாது. அதோடு ஸ்டோர்ஸில் கரன்ட்டே இல்லை. ஸ்விட்ச் செத்துக் கிடக்கிறது. ரெனிட்டா எழுந்து ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். முற்றத்தில் தண்ணீர் பெருகி ஓடியது, அதற்கு அப்பால் பெயின்ட் ஷாப்பின் கரிபிடித்த சுவர், இந்தப் பக்கம் ஸ்டோர்ஸின் மூடிய ஷட்டர். ஆள் நடமாட்டம் இல்லை. ஏசி காற்றில் மட்டும், முன்பு இல்லாத ஒரு வாசனை மெல்லக் கலந்து வந்தது. தின்னர். ஜெரோஷ் வேலை முடிந்து வரும்போது அவன் சட்டையில் அடிக்கும் வாசனை. குளித்தாலும் போகாது, ராத்திரி அவன் பக்கத்தில் படுத்தால் தலையணையில் அடிக்கும்.

"எங்க இருக்கீங்க?" என்றாள், வாய்விட்டு. மறுபடி பிங் அனுப்பினாள்.

கேன்டீன்.

அவள்தான் கூப்பிடுகிறாள், கூப்பிடக் கூப்பிட அவன் வருகிறான் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். மண்ணில் புதைத்த ஒன்று ஈரத்தில் நடந்து வருகிறது. ஆனாலும் முகத்தைப் பார்க்காமல் அனுப்பிவைத்த மனுஷன் அல்லவா? எந்தக் கோலத்தில் வந்தாலும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. மறுபடி பிங் அடித்தாள்.

ஆபீஸ் கீழ்த்தளம்.

ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் இருக்கும் போர்ட். இந்த அறைக்கு நேர் கீழே. மாடிப்படியில் சத்தம் எதுவும் இல்லை. ரெனிட்டா சர்வர் அறைக் கதவைப் பார்த்தபடி நின்றாள். வரட்டும். வாசனை இப்போது தொண்டையில் எரிந்தது. தின்னர் மட்டும் இல்லை, அதற்குள் இன்னொன்றும். கருகிய ஏதோ. கதவின் கைப்பிடி அசையவில்லை. அவள் காத்திருந்தாள். அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பந்து இடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

திரையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் அடிக்கவில்லை. பட்டியல் தானாகவே மாறியிருந்தது. ஜெரோஷின் முகவரி. ஜெரோஷின் எண். போர்ட் மட்டும் வேறு. அது எந்த போர்ட் என்று பார்க்க வேண்டியதே இல்லை. தினமும் அவள் உட்கார்ந்து வேலை செய்கிற கம்ப்யூட்டர். அவளுடைய கேபின்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெனிஷா சிரித்தாள். கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும் சிரிப்பு.

"ஜெனி!"

ஓடினாள். நான்கு எட்டு இருக்குமா அந்தத் தூரம்? கேபின் கதவைத் தள்ளினாள்.

ஜெனிஷா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேஜை எட்டாது என்று காலையில் இரண்டு தடித்த மேனுவல்களைப் போட்டு அதன் மேல்தான் குழந்தையை உட்கார வைத்திருந்தாள் ரெனிட்டா. மேனுவல்கள் இப்போது தரையில் கிடந்தன. குழந்தை அதே உயரத்தில் இருந்தாள். அவளுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு சாண் வெறும் காற்று. கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. உச்சந்தலையில் முடி ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. யாரோ மோவாயை வைத்திருப்பதுபோல.

"மம்மி," என்றாள் ஜெனிஷா. கண்கள் தூக்கத்தில் செருகின. "டாடி கேக்குறாங்க. மம்மி ஏன் இவ்ளோ நாள் கூப்பிடலேனு கேக்குறாங்க."

ரெனிட்டாவின் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. ஐயோ என் ராசா என்று ஓவென்று கத்தத் தோன்றியது. பாய்ந்து குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். அடுப்புக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனதுபோல் அனல் அடித்தது. குழந்தை வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

"வலிக்குது மம்மி. விடு. டாடியும் புடிச்சிருக்காங்க."

விட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் இழுத்தால் பிஞ்சுக் கை என்ன ஆகும்? சுவரோரம் குனிந்து கேபிளைப் பிடுங்கி எறிந்தாள். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. வேறொன்றும் மாறவில்லை.

ஜெனிஷா மேலே எழுந்தாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டால் இருக்கும் உயரம், ஜெரோஷின் இடுப்பு. ஒரு கை யாருமில்லாத கழுத்தைச் சுற்றி வளைந்துகொண்டது. தலை சாய்ந்தது. ஒரு பக்கக் கன்னம் தட்டையாக அமுங்கியது, தோளில் வைத்ததுபோல. கண் மூடிவிட்டது. அவள் அப்படியே ரெனிட்டாவைக் கடந்து, கதவைக் கடந்து, வராந்தாவில் போனாள். அடி வைக்கும் சத்தம் இல்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் குழந்தை லேசாகக் குலுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் முடியும் முன்பே ஜெனிஷா தூங்கிவிடுவாள். ஜெரோஷ் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பான். கழற்றிப்போட்ட குட்டி ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டு ரெனிட்டா பின்னால் போவாள். நாற்காலிக்கு அடியில் இப்போதும் அந்த ஷூக்கள் கிடந்தன. அவள் எடுத்துக்கொண்டாள். என்ன செய்கிறோம் என்றே தெரியாமல்தான் எடுத்தாள். பின்னால் போனாள்.

மாடிப்படி. ரிசப்ஷன். முற்றம்.

மழை கொட்டியது. குழந்தை நனையவில்லை. அவள் தலைக்கு மேல், தோளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு மழை உடைந்து விலகி விழுந்தது. விழுந்த இடத்தில் ஆவி எழுந்தது. தூரத்தில் காக்கா தன் கூண்டுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடக்கூட ரெனிட்டாவுக்குப் பயம். குரல் கேட்டு அவன் ஓட ஆரம்பித்துவிட்டால்?

"அத்தான்." முழங்கால் தண்ணீரில் இடறி விழுந்து எழுந்தாள். "அத்தான், பிள்ளையக் குடுத்திருங்க. நான் வாரேன். என்னையக் கூட்டிட்டுப் போங்க. அவ சின்னப் பிள்ளைலா. அவ ஒண்ணுமே பாக்கலியே இன்னும்."

குழந்தை நின்றாள். அந்தரத்தில், அசையாமல். மழை உடையும் இடம் மெல்லத் திரும்பியது. அவன் பார்க்கிறான் என்று ரெனிட்டாவுக்குத் தெரிந்தது. அனல் முகத்தில் அடித்தது. கருகிய வாசனை. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். ஷூக்களோடு சேர்த்து நீட்டினாள்.

அவன் திரும்பிக்கொண்டான்.

பெயின்ட் ஷாப்பின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே கரி இருட்டு. ஷட்டரின் கீழ் விளிம்பு குழந்தையின் தலைக்கு நேராக இருந்தது. அங்கே வந்ததும் ஜெனிஷாவின் உச்சி முடி ஒரு பெரிய உள்ளங்கையின் அளவுக்கு அமுங்கியது. இடித்துவிடக்கூடாதே என்று பொத்திக்கொண்ட கை. பிறகு, யாரோ மிகவும் கவனமாகக் குனிந்ததுபோல, தூங்கும் குழந்தை மெல்லத் தாழ்ந்து உள்ளே போனாள்.